முப்பது அங்குலக் கொம்பும் இரண்டு விரலும்

செத்த மானை, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பதுபோலச் சுவரில் நிற்க வைப்பதுதான் என் தொழில். மெல்பேர்னில் டண்டினொங் பக்கம், ஒரு டயர் கடைக்கும் ஒரு பெரிய களஞ்சியத்துக்கும் நடுவில் எங்கள் பட்டறை இருக்கிறது. வேட்டைக்காரர்கள் தோலையும் கொம்பையும் கொண்டுவருவார்கள். நாங்கள் கெட்டி நுரையில் செய்த கழுத்து உருவம் ஒன்றின் மேல் அந்தத் தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் வைத்து, தைத்து, காயவைத்துக் கொடுப்போம். துணிக்கடையிலோ பாங்கிலோ பெட்ரோல் செட்டிலோ கவுண்டருக்குப் பின்னால் நின்று மாரடித்தவர்களே, நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் வேட்டைத் துவக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஆட்கள் தேடி அலைவது 'சாம்பார்' என்ற மானை. குழம்பை நினைக்காதீர்கள். எங்கள் வன்னிக் காட்டு மரைதான் அது. அதன் முப்பாட்டன்களும் எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவைதானாம். அவற்றுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் தற்காலிக விசாதான். அதனால் வேலை விசயத்தில் நான் மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடக் கவனமாக இருப்பவன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை கிடைத்த விதம்

ஊரில் நான் தையல்காரன். கிளிநொச்சியில் சொந்தமாக ஒரு சின்னக் கடை, இரண்டு மெசின். இங்கே வந்து கோழித் தொழிற்சாலையில் இரண்டு வருடம் விறைத்துப்போய் நின்றபோது, கூட வேலைசெய்த ஒருவர், "தைக்கத் தெரிந்த ஆள் தேடுறாங்களாம்" என்று ஒரு விலாசம் தந்தார். நான் துணிக்கடை என்று நினைத்து, நல்ல சேர்ட் போட்டு, என் அளவு நாடாவையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் நாற்பது மான்கள் என்னையே பார்த்தன.

முதலாளி றொன் பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ள மனிதர். வந்தவன் யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. கழுத்தில் ஒரு சாண் கிழிந்த தோல் ஒன்றையும் வளைந்த ஊசி ஒன்றையும் என் கையில் தந்தார். நான் அதை மேசையில் விரித்து, உள்பக்கமாகத் திருப்பி, தையல் வெளியே தெரியாதபடி பொறுமையாகத் தைத்து முடித்தேன். றொன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் தையலைத் தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"மற்ற எல்லோரும் இதை மான் என்று நினைத்துத் தைக்கிறார்கள். நீ கால்சட்டை என்று நினைத்துத் தைக்கிறாய். திங்கட்கிழமை வா."

கோயிலில் வந்த ஓடர்

கோயிலுக்குப் போனால் ஆட்கள் முதலில் கேட்பது எந்த ஊர். அடுத்தது எங்கே வேலை. வெள்ளிக்கிழமை மரக்கறி தவிர வேறொன்றும் தொடாத சனத்துக்கு நடுவில், விபூதியும் பூசிக்கொண்டு, "செத்த மானுக்குக் கண் வைக்கிறேன்" என்று எப்படிச் சொல்வது? என் மனைவி பவானியே நான் வீட்டுக்கு வந்தால் உடுப்பைக் கராஜில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருப்பவள். ஆகவே "தையல் வேலை" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவேன்.

சிவகாமி அன்ரியிடம் அந்தச் சுருக்கம் எடுபடவில்லை. எங்கள் தெருவிலேயே இருப்பவர், எதையும் அடிவரை கிண்டாமல் விடமாட்டார். "என்ன தைக்கிறனீர் தம்பி?" என்றார். "கூடுதலாக் கழுத்துப் பக்கம்தான் அன்ரி" என்றேன். பொய் இல்லையே. அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் நின்ற பவானி கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"எனக்கும் பிளவுஸிலை கழுத்தும் கையும்தான் சரிவாறேல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியோட வாறன்!"

படம் எடுக்கும் கலை

ஒரு பிளம்பர் போனில் படம் காட்டினார். படத்தில் இருந்த மானைப் பார்த்தால் யானைக்கு அண்ணன்போல் இருந்தது. நேரில் கொண்டுவந்த தலையை என் ஒற்றைக் கையால் தூக்கி மேசையில் வைத்தேன். நான் படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு அவரே இரகசியத்தைச் சொல்லிவிட்டார். மானை முன்னால் கிடத்திவிட்டு ஆள் நன்றாகப் பின்னால் தள்ளி உட்காரவேண்டுமாம். கமராவைத் தரையோடு வைக்கவேண்டுமாம். வேட்டைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் எடுப்பார்களாம், இது ஒரு கலையாம்.

கூடவே வந்திருந்த அவருடைய மனைவி அதுவரை சுவரில் இருந்த தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பிக் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தக் கண்ணாடிக் கண்ணாலும் கொண்டுவர முடியாது.

"எங்கள் கல்யாணப் படத்தில் நான் ஏன் அவ்வளவு குண்டாக இருக்கிறேன் என்று இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்!"

ஒன்பது விசில்

பெரிய கொம்பு வேண்டும் என்று அலைகிறவர்கள் மறக்கும் ஒரு விசயம் உண்டு. பெரிய கொம்பு கிழட்டு மானின் தலையில்தான் இருக்கும். அப்படியொரு கிழட்டு மானின் பின்தொடையை ஒரு வாடிக்கையாளர் எனக்கு அன்பளிப்பாகத் தந்தார். கொம்பின் நீளத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசியவர் இறைச்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்போதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

பவானி யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, பிரசர் குக்கரில் மூன்று விசில் விட்டுப் பார்த்தாள். ஆறு விசில் விட்டாள். ஒன்பதாவது விசிலில் குக்கர் களைத்துவிட்டது, மான் களைக்கவில்லை. குசினிக்குள் ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றுவிட்டு, கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, உந்த மான் என்ன ரப்பர் தோட்டத்திலயோ மேய்ஞ்சது?"

ஜெஸ்ஸின் மான்

ஜெஸ் என்ற இளம் தாதி ஒருத்தி கொண்டுவந்த மானுக்குக் கொம்பு என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. அதற்கு முழுக் கழுத்து வேண்டும், நல்ல கண் வேண்டும், பலகையும் வேண்டும் என்றாள். றொன் நேர்மையான வியாபாரி. "இதற்கு இவ்வளவு வேலை வேண்டாம் பிள்ளை, கொம்பை மட்டும் பலகையில் வைத்துத் தருகிறேன்" என்றார். அவள் கேட்கவில்லை. தகப்பனோடு முதன்முதலாகப் போனதாம். ஆற்றைக் கடக்கும்போது அவளுடைய சப்பாத்து ஒன்று தண்ணீரோடு போய்விட்டதாம். தகப்பன் அதைப் பிடிக்கப்போய் அவரும் விழுந்தாராம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்கு அந்தக் காட்டில் எந்த மானும் நின்றிருக்கக் கூடாதாம், இது மட்டும் என்ன சத்தம் என்று பார்க்க வந்ததாம். அவள் தந்த இறைச்சி இரண்டே விசிலில் பஞ்சுபோல வெந்தது என்பதையும் இங்கே பதிவுசெய்து வைக்கிறேன்.

றொன் கடைசியாக ஒருதரம், "வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்களே" என்று சொல்லிப் பார்த்தார்.

"சிரிக்கட்டும். ஏன் இதை மாட்டினாய் என்று கேட்பார்கள் இல்லையா? அப்போதுதானே நான் கதையைச் சொல்லலாம்!"

நாடா கைமாறியது

தலை வந்திறங்கியதும் வாடிக்கையாளர் முதலில் கேட்பது கொம்பின் நீளம். அடியிலிருந்து நுனிவரை, வெளி வளைவு வழியாக நாடா பிடித்து அளக்கவேண்டும். முப்பது அங்குலம் என்பது இவர்களுக்குப் பெரிய எல்லை. இருபத்தொன்பதே முக்காலோடு வந்தவர் சாவீட்டுக்கு வந்தவர்போல நிற்பார். முப்பதேகாலோடு வந்தவர் முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடிப்பார். இரண்டு மானுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் என் பெருவிரல் நகம் அளவுதான்.

றொன்னுக்குக் கண் மங்கத் தொடங்கியதும் அளக்கும் வேலையை என்னிடம் தந்தார். தையல்காரனைவிட நாடா பிடிக்கத் தெரிந்தவன் யார் என்று அவருக்கு நினைப்பு. எனக்கும் அதே நினைப்புத்தான். ஊரில் கடையை விட்டு வந்தபிறகு ஒருவர் என்னை நம்பி நாடாவைக் கையில் தந்தது அதுதான் முதல்தடவை. உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது. றொன் அதைக் காணாததுபோல நின்று, ஒரேயொரு புத்தி சொன்னார்.

"நண்பா, இந்தக் கடையில் கண் பொய்யாக இருக்கலாம், நாக்கு பொய்யாக இருக்கலாம், மூக்கின் ஈரம்கூடப் பொய்யாக இருக்கலாம். அளவு மட்டும் பொய்யாக இருக்கக் கூடாது."

கெவினின் முப்பது

நான் அளந்த முதல் கொம்பு கெவினுடையது. கெவின் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வார இறுதியும் மலைக்காட்டுக்குப் போகிறவர். அத்தனை வருடத்தில் சுட்டது ஆறே ஆறு மான். ஒன்றுகூட முப்பதைத் தொடவில்லை. தானே அளந்தால் ஆசை கையைத் தள்ளிவிடும் என்று காட்டுக்கு நாடா கொண்டுபோகமாட்டார், கொம்பைக் கொண்டுவந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இந்தத் தடவையும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பயபக்தியோடு நாடாவைப் பிடித்தேன். முப்பதும், அதற்குமேல் ஒரு நூலும்.

கெவின் கண்ணைத் திறக்கவில்லை. மூடியபடியே அழுதார். நான் அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டேன், றொன் தேத்தண்ணி ஊற்றினார். கொம்பு காய்ந்தபிறகு வேட்டைச் சங்கத்து ஆள் வந்து அளந்து பட்டியலில் பெயர் எழுதுவார். அதற்கு இரண்டு மாதம் இருக்கிறது. ஆனால் கெவின் அப்போதே சங்கம் முழுவதற்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் சொல்லி முடித்தபிறகுதான் ஏதோ நினைவுக்கு வந்ததுபோல முகம் மாறியது.

"முப்பது கிடைக்கும் அன்றோடு வேட்டையை விடுகிறேன் என்று என் மனைவி மார்கிரட்டுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். கிடைக்கும் என்று யார் கண்டது?"

சும்மா இருக்கும் ஆள்

கெவின் சொன்ன சொல் தவறாதவர். அன்றைக்கே துவக்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியை மனைவி மார்கிரட்டிடம் கொடுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் பட்டறைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். தன் முப்பது அங்குலத் தலையை ஒருதரம் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார். பேச்செல்லாம் தப்பிப் போன மான்களைப் பற்றித்தான். பனியில் எதிரே வந்து நின்று அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது, அவர் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்துப் பின்னால் வந்து கனைத்தது, ஏழு வருடம் ஒரே ஓடைக்கரையில் அடி மட்டும் காட்டிவிட்டு ஆளைக் காட்டாதது. சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சொல்லி முடிந்ததும் அது போய்விடும்.

வீட்டில் மார்கிரட்டின் குசினி அலமாரியை அகரவரிசையில் அடுக்கினாராம். மனைவி கலைத்து வைத்தாராம். இவர் மறுபடி அடுக்கினாராம். ஐந்தாவது சனிக்கிழமை ஆள் மெலிந்திருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. "உங்கள் ஆசை நிறைவேறிவிட்டதே, பிறகென்ன?" என்று கேட்டேன்.

"அதுதான் பிரச்சினை. முப்பது கிடைக்கும்வரைக்கும் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!"

அன்ரியின் கை

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகாமி அன்ரி சொன்னபடி துணியோடு வந்து இறங்கினார். வரவேற்பறையில் நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, பிளவுஸ் கைக்கு அளவெடுத்தேன். பவானி பக்கத்தில் நின்று கொப்பியில் எழுதினாள். எழுதிக்கொண்டே சொன்னாள்: "வழக்கம்போல ரெண்டு விரல் உள்ளுக்கு விட்டு அளவுங்கோ. இல்லாட்டி இறுக்கும்."

குனிந்து பார்த்தேன். அவள் சொல்லுமுன்னமே என் இரண்டு விரல்களும் நாடாவுக்குள் போயிருந்தன. பதினாறு வயதில் தொழில் பழகியதிலிருந்து கையானாலும் மார்பானாலும் இடுப்பானாலும், நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் விடாமல் நான் எதையும் அளந்ததில்லை. மனிதர் மூச்சு விடவேண்டும், கல்யாணவீட்டில் சாப்பிடவேண்டும். என் கண்ணுக்கு முன்னால் கெவினின் கொம்பு வந்து நின்றது. அதன் வளைவிலும் நாடா இறுக்கமாகப் படுத்திருக்கவில்லை. அதற்குள்ளும் இரண்டு விரல் இருந்தது. மூச்சு விடாத, சாப்பிடாத, இனி ஒருநாளும் உடம்பு வைக்காத கொம்புக்கு நான் தாராளமாக இடம் விட்டிருக்கிறேன். நாடா நழுவிக் கீழே விழுந்துவிட்டது. நான் வெளிறிப்போய் நிற்பதை அன்ரி கண்டுவிட்டார்.

"என்ன தம்பி, என்ரை அளவைப் பார்த்துப் பயந்திட்டீரோ?"

இருபத்தொன்பதேகால்

திங்கட்கிழமை விடிய முதல் ஆளாகப் பட்டறைக்குப் போய், நாடாவைக் கொம்போடு ஒட்டிப் பிடித்து அளந்தேன். இருபத்தொன்பதேகால். மூன்றுதரம் அளந்தேன், கொம்பு இரங்கவில்லை. சங்கத்து ஆள் வருவதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தனை பேருக்கு முன்னால் கெவின் தலைகுனிவார், கடையின் பெயர் கெடும். வாயைத் திறந்தால் என் வேலை போகும். வேலை போனால் மறுபடி கோழித் தொழிற்சாலை. அதுவும் விசாக் கடிதத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரியாத நிலையில். றொன் வந்ததும் ஒப்புவித்துவிட்டேன். "நீதான் அளந்தாய், நீயே அவருக்குச் சொல்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்டதெல்லாம் கிழட்டு மான் இறைச்சிபோலத்தான் இறங்கியது.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கெவின் வந்தார். உட்காருமுன்னமே சொல்லிவிட்டேன். நாடாவைப் பிடித்து, இரண்டு விரலையும் உள்ளே விட்டுக் காட்டினேன். "ஏன் இப்படி?" என்றார். "மூச்சு விடுவதற்கு" என்றேன். அவர் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். "இன்னொருதரம் அள" என்றார். அளந்தேன். தானே வாங்கி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தானும் அளந்தார். "இருபத்தொன்பதேகால். நிச்சயமாக முப்பது இல்லை. இல்லவே இல்லை" என்று மெல்லச் சொன்னார். பிறகு போனை எடுத்தார். அவர் குரல் ஒரு பள்ளிப் பொடியனின் குரல்போல உடைந்து வந்தது.

"மார்கிரட், அந்தச் சாவி எங்கே?"

மார்கிரட்

என் வேலை போகவில்லை. இனி அளக்கும்போது அந்த இரண்டு விரலையும் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள் என்று றொன் சொன்னதோடு விசயம் முடிந்தது. சங்கத்துக்குக் கெவினே போன் போட்டு, பெயரை எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆட்கள் பகிடி பண்ணினார்களாம். அவருக்குக் கேட்கக்கூட நேரமில்லையாம், சப்பாத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாராம்.

ஆனால் மார்கிரட்டை நினைத்து எனக்கு உள்ளூரக் குற்ற உணர்ச்சி. இருபத்திரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த கணவரை நான் மறுபடி காட்டுக்கு அனுப்பிவிட்டேனே. ஒரு சனிக்கிழமை ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் கையில் பாத்திரத்தோடு வந்து, அளவெடுத்தவர் யார் என்று கேட்டபோது நான் பட்டறைக் குசினிப் பக்கம் ஒதுங்கினேன். றொன் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார். மார்கிரட் நேரே வந்து, பாத்திரத்தை என் மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். முழு எலுமிச்சைக் கேக். என் கையைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்:

"என் அலமாரி இப்போது நான் வைத்தபடியே இருக்கிறது. அவர் அடுத்ததரம் முப்பத்திரண்டே கொண்டுவந்தாலும், தயவுசெய்து இருபத்தொன்பது என்றே எழுது."

வேட்டைக்காரர் காட்டுக்குப் போவது மானுக்காகத்தான் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பவை, பாவம், அந்த மான்கள் மட்டும்தான்.